லைன்லயே இருங்க

இதை எழுதும்போது காலை பத்தரை மணி. ஜன்னலில் வெயில் அடிக்கிறது. பக்கத்து மேசையில் பேட்டரி அண்ணன் இருமிக்கொண்டிருக்கிறார். அதனால் இருட்டில் பயந்துபோய் உளறுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நேரங்களை அன்றைக்கே ஒரு தாளில் குறித்து வைத்தேன். அந்தத் தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, வேண்டுமானால் வந்து பார்த்துக்கொள்ளலாம். நம்பாதவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. சில நாள் எனக்கே நம்பிக்கை வருவதில்லை... அப்போது அந்த இழுப்பறையைத் திறந்து பார்ப்பேன்.

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னார்களோ தெரியாது. எனக்கு அந்த அழைப்பு வந்தது பட்டப்பகலில். மதியம் மூன்று ஐம்பத்திரண்டுக்கு. மேசைமேல் வைத்த டீ ஆறுவதற்குள்.

நான் ஒரு இதய மருத்துவமனையில் வேலை செய்கிறேன். தரைத்தளத்தில் கடைசி அறை, பேஸ்மேக்கர் பிரிவு. பேஸ்மேக்கர் என்பது தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு கருவி. தோள் எலும்புக்குக் கீழே தோலுக்குள் வைத்து, அங்கிருந்து மெல்லிய ஒயரை இதயத்துக்குள் விடுவார்கள். இதயம் துடிக்க மறந்தால் இது ஒரு தட்டு தட்டி நினைவுபடுத்தும். எங்கள் பிரிவில் பெரும்பாலும் நிமிஷத்துக்கு அறுபது தட்டு என்று வைத்து அனுப்புவோம்.

என் வேலை தொலைபேசியில் பதில் சொல்வது. கருவி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களுக்கு ஆயிரம் சந்தேகம். மிக்ஸி போடலாமா, செல்போனைச் சட்டைப் பையில் வைக்கலாமா, பேத்தி நெஞ்சில் காதை வைத்துப் படுத்தால் அவளுக்கு ஷாக் அடிக்குமா. ஒருவர் மனைவியோடு சண்டை போடலாமா என்று கேட்டார். கருவிக்கு ஒன்றும் ஆகாது, மற்றதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றேன்.

அறையில் மூன்று பேர். கருவிகளைச் சோதித்து இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று பார்க்கும் டெக்னீஷியனுக்குப் பேட்டரி அண்ணன் என்று பெயர். ஓயாமல் இருமுவார். நான் சேர்ந்து ஏழு மாதம் ஆகியும் என்னைப் 'புதுசு' என்றுதான் கூப்பிடுவார். அவருக்கும் எனக்கும் மேலே அக்கா. பதினாலு வருஷமாக அதே மேசை. அதிகம் பேசாதவர். அழுது ஓய்ந்த பிறகு பேசுகிறவர்போல எப்போதும் ஒரு குரல்.

மேசையில் இரண்டு தொலைபேசிகள். ஒன்று புதுசு. இன்னொன்று ஓரம் தேய்ந்த பழைய ஒயர் போன். பழைய நோயாளிகளின் அட்டையில் அந்த எண்தான் அச்சாகியிருக்கிறது என்பதால் அதைத் தூக்கவில்லை. யாரையாவது காத்திருக்க வைத்தால் விட்டு விட்டு எரிய அதில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. அது யாரும் காத்திருக்காதபோதும் எரிந்துகொண்டே இருக்கும். இரண்டு தடவை ஆள் வந்து பார்த்துவிட்டு, கோளாறு ஒன்றும் இல்லை என்று போய்விட்டார்களாம். கண்ணை உறுத்துகிறது என்று பேட்டரி அண்ணன் விளக்கின்மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டிவிட்டார். பிளாஸ்திரிக்குள்ளிருந்தும் லேசாகத் தெரியும். மங்கலாக... அணைந்து... மங்கலாக...

அந்தப் போனில் அக்காவுக்கு ஒரு பழக்கம். வெளியே இடி கேட்டதோ இல்லையோ, செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்துபோய் அதன் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுவார். மழை விட்டு அரை மணி கழித்துத்தான் திரும்பச் செருகுவார்.

பாதுகாப்புக்காக என்றுதான் நினைத்தேன். ஏனென்றால் இடி மின்னல் நேரத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் பிரிவு ஒரு தாள் கொடுக்கிறது. எட்டு வரி. எழுதியது அக்கா. கருவி மின்னலை இழுக்காது, அந்தப் பயம் வேண்டாம் என்று தொடங்கும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் முப்பது எண்ணுவதற்குள் சத்தம் வந்தால் வீட்டுக்குள் போய்விடுங்கள், மரத்தடியில் ஒதுங்காதீர்கள் என்று போகும். ஆறாவது வரி மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும்.

'ஒயர் போனில் பேசாதீர்கள். எங்களோடுகூட.'

எங்களோடுகூட என்று எதற்கு அக்கா, ஒரு மாதிரியாக இருக்கிறதே என்று ஒரு நாள் கேட்டேன். அக்கா எழுந்து போய், ஏற்கெனவே சாத்தியிருந்த கதவைச் சாத்தினார்.

வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் அக்கா விடுப்பு எடுப்பார் என்று பேட்டரி அண்ணன் சொல்லியிருந்தார். அந்த நாள் வந்தது. முதல் நாள் சாயங்காலமே அக்கா என்னிடம் மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனார். நாளைக்குப் பழைய போன் வேலை செய்யாது, புதுசு போதும். நானும் மூன்று தடவை தலையாட்டினேன்.

மறுநாள் இரண்டு மணிக்கெல்லாம் நோயாளிகள் போய்விட்டார்கள். 3.10க்குப் பேட்டரி அண்ணன் சோதனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனார். நான் தனியாக இருந்தேன்.

3.31. ஜன்னல் கண்ணாடி கறுத்தது.

3.40. முதல் இடி. எங்கோ தள்ளி, யாரோ மரப்பெட்டியை இழுப்பதுபோல.

3.44. கரன்ட் போனது. ஜெனரேட்டர் ஓடி வராந்தா விளக்குகள் வந்தன. எங்கள் அறையில் மூலையில் இருந்த ஒரே ஒரு குழல் விளக்கு மட்டும் எரிந்தது. புதிய போன் செத்துக் கிடந்தது.

3.52. பழைய போன் அடித்தது.

வேலை செய்யாது என்று அக்கா சொன்னது எனக்கு அப்போது நினைவுக்கே வரவில்லை. போன் அடித்தால் எடுப்பதுதானே என் வேலை? எடுத்தேன். பிரிவின் பெயரைச் சொன்னேன்.

மழைச் சத்தம். பிறகு, மூச்சு.

"மேடம்... வந்துட்டீங்களா?"

வயதான குரல். பணிவான குரல். வெகு நேரம் வாசலில் நின்றவரைக் கடைசியில் உள்ளே கூப்பிட்டால் ஒரு நிம்மதி வருமே, அந்த நிம்மதி அதில் இருந்தது. யாரோ என்று நினைத்துப் பேசுகிறார் போல என்று நானும் விட்டுவிட்டேன்.

அவரே எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். அட்டை எண் இருநூற்றுப் பதினேழு. வயது அறுபத்தாறு. கருவி வைத்து எட்டு மாதம். வீட்டுக்காரி தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள், ஐந்து மணி பஸ்ஸில் வருவாள். மாடியில் துணி காய்கிறது, ஒரு போர்வை, நாலு துண்டு, இவருடைய சட்டை இரண்டு. இடி இடிக்கிறது. நெஞ்சில் கருவி இருப்பவன் மாடிக்குப் போய்த் துணி எடுக்கலாமா, கூடாதா?

"நனைஞ்சா எம்மேல வேற ஒரு இடி விழும். அதுக்கு எந்தக் கருவியும் தாங்காது."

நான் சிரித்துவிட்டேன். மாடிக்குப் போகவே கூடாது என்றேன். அக்காவின் தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். நான் ஒன்று சொன்னால் அதை அப்படியே திருப்பிச் சொல்லி, சரி என்பார். ஜன்னல் பக்கம் நிற்க வேண்டாம் என்றேன். ஜன்னல் பக்கம் நிக்க வேண்டாம், சரி. குழாயைத் தொட வேண்டாம் என்றேன். குழாயைத் தொட வேண்டாம், சரி.

என்ன ஐயா, பாடம் ஒப்பிப்பதுபோல ஒப்பிக்கிறீர்கள் என்று கேட்டேன். முப்பத்தொரு வருஷம் ரயில்வே கேட்டில் காவல்காரராக இருந்தவராம். ஸ்டேஷனிலிருந்து போன் வரும். சொன்னதை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். நோட்டில் எழுத வேண்டும். நேரம், யார், என்ன சொன்னார்கள், செய்தாயிற்றா என்று நாலு கட்டம். அவர்கள் வைக்கச் சொல்லாமல் நாமாகப் போனை வைக்கக் கூடாது. ஒரு வார்த்தை மாறினால் உயிர் போகும். ஓய்வு பெற்ற பிறகும் கை கேட்கவில்லை, வீட்டுப் போனுக்குப் பக்கத்திலும் ஒரு நோட்டுப் போட்டு வைத்திருக்கிறாராம். பால்காரர் கூப்பிட்டால்கூட அதில் ஏறும். வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொள்வாளாம்.

எல்லா நோயாளியும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன்.

டக்... டக்... டக்...

அவருடைய குரலுக்குப் பின்னால், மழைக்கும் பின்னால். சுவர்க் கடிகாரமா ஐயா என்று கேட்டேன். இங்கே அப்படிச் சத்தம் போடுகிற கடிகாரம் இல்லை என்றார். சும்மா இருக்க முடியாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன்.

சரியாக அறுபது.

மின்னல் அடித்தது. அவர் எண்ண ஆரம்பித்தார், ஒன்று, இரண்டு என்று. பதினொன்றில் அவர் பக்கம் இடி கேட்டது. இங்கேயும் அதே நொடியில் கேட்டது. அவருடைய வீடு ஊருக்கு அந்தக் கோடியில், ஆற்றுக்கும் அந்தப் பக்கம் என்று சற்று முன்தான் சொல்லியிருந்தார்.

"உங்க பாட்டு நல்லா இருக்கு மேடம்," என்றார். "ஆனா ஒரே பாட்டே ஓடிக்கிட்டு இருக்கு."

காத்திருப்பவர்களுக்கு நாங்கள் பாட்டு எதுவும் வைப்பதில்லை என்றேன். அவர் மெதுவாக அதை முனகிக் காட்டினார். நாலு சுரம் ஏறி, மூன்று இறங்கி, மறுபடி முதலிலிருந்து. நான் கேட்டதே இல்லாத மெட்டு.

கையில் ரோமம் எழுந்து நின்றது. குளிர் என்று நினைத்துக்கொண்டு ஆறாவது வரிக்கு வந்தேன்.

வாசிக்க வாய் திறந்தவள், நிறுத்தினேன்.

"ஐயா, நீங்க எந்தப் போன்ல பேசறீங்க?"

"ஒயர் போன்தான். நம்ம வீட்ல வேற ஏது?"

பதினோரு நிமிஷமாக இடி மின்னலில் ஒரு இதய நோயாளியை ஒயர் போனில் பிடித்து வைத்திருக்கிறேன், சிரித்துப் பேசிக்கொண்டு. உடனே வையுங்கள், மழை விட்டதும் கூப்பிடுங்கள் என்றேன்.

அவர் முதல் தடவையாக நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லவில்லை.

"வைக்க முடியாதும்மா. லைன்லயே இருங்கன்னு மேடம் சொன்னாங்க. டாக்டரைக் கேட்டுட்டு வரேன்னு போனாங்க. இன்னும் வரல."

எந்த மேடம்? இதே நம்பர்தான், இதே மேசைதான் என்றார். பேசும்போது பின்னால் ஒருத்தர் இருமிக்கொண்டே இருந்தாராம்.

நான் திரும்பிப் பார்த்தேன். பேட்டரி அண்ணனின் நாற்காலி காலியாக இருந்தது.

எப்போதிலிருந்து காத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். மூன்று ஐம்பத்திரண்டு, நோட்டில் இருக்கிறது என்றார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டேன்.

"அதான் தெரியல. ரொம்ப நேரமா மூணு அம்பத்திரண்டாவே இருந்துது. நீங்க எடுத்த அப்புறம்தான் நகருது."

மின்னல். எட்டில் இடி.

ரிஜிஸ்டர் எனக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு எட்டி எடுத்தேன். பக்கங்களைப் புரட்டினேன். இருநூற்றுப் பதினைந்து. பதினாறு.

பதினேழு.

அந்த வரி முழுக்கச் சிவப்பு மையில் ஒரு கோடு. கடைசிக் கட்டத்தில் அக்காவின் கையெழுத்து. இறப்பு. அன்றைய தேதிதான்... ஆனால் வருஷம் வேறு. மூன்று வருஷத்துக்கு முன்பு.

நேரம், மாலை 4.19.

என் கடிகாரத்தைப் பார்த்தேன். 4.11.

போனைப் போட்டுவிட்டு ஓடத்தான் தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன். கால் நாற்காலிக்கு வெளியே போய்விட்டது. கை ரிசீவரைக் கீழே கொண்டுபோய்விட்டது. அதற்குள்ளிருந்து அவர் குரல் சின்னதாகக் கேட்டது. "மேடம்? இருக்கீங்களா?"

எத்தனை இடி மழையில் இப்படிக் கேட்டிருப்பார் என்று நினைத்தேன்.

நான் வைத்துவிட்டாலும் இவர் வைக்க மாட்டார்.

ரிசீவரைத் திரும்பக் காதில் வைத்தேன். இருக்கேன் ஐயா என்றேன்.

4.13. மின்னல். ஆறில் இடி.

டக்... டக்... டக்...

தயவுசெய்து வையுங்கள் என்று கெஞ்சினேன். டாக்டரே சொன்னார் என்றேன். நான்தான் இப்போது பொறுப்பு என்றேன். ஒவ்வொன்றுக்கும் அவர் பொறுமையாக இல்லை என்றார்.

"இருக்கச் சொன்னவங்கதான் வைக்கச் சொல்லணும். அதான் முறை. நான் பாட்டுக்கு வச்சிட்டா, அவங்க வந்து பாக்கும்போது லைன்ல யாரும் இருக்க மாட்டாங்க. பாவம்."

4.15. மின்னல். நான்கு.

பிளாஸ்திரிக்கு அடியில் சிவப்பு எரிந்து அணைந்தது. டக் சத்தத்தோடு. ஒரே தாளத்தில்.

நான் அழ ஆரம்பித்திருந்தேன்.

"நீங்க பயப்படாதீங்கம்மா," என்றார். "எனக்குப் பழக்கமாயிடுச்சு."

எது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

4.17. இரண்டு.

"ஐயா," என்றேன். "அந்த மேடம்தான் சொல்லி அனுப்பினாங்க."

பொய்.

அந்தப் பக்கம் மழை மட்டும். பிறகு, மிக மெதுவாக...

"என்னன்னு? அப்படியே சொல்லுங்க. வார்த்தை மாறக் கூடாது."

என்னிடம் வார்த்தை எதுவும் இல்லை. வாயைத் திறந்தேன். அது எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது.

"வச்சிடுங்கய்யா. துணி நனைஞ்சாப் பரவாயில்ல."

பேனா தாளில் ஓடும் சத்தம்.

"வச்சிடுங்க. துணி நனைஞ்சாப் பரவாயில்ல," என்று திருப்பிச் சொன்னார். "சரி. வைக்கிறேன்."

ஒரு மூச்சு.

"நீங்களும் வச்சிடுங்கம்மா. உங்களுதும் ஒயர் போன்தானே."

டக்.

நானும் வைத்தேன்.

4.19.

வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. எண்ண நேரமே இல்லை. கண்ணாடி அதிர்ந்தது. குழல் விளக்கு அணைந்தது. நான் மேசைக்கு அடியில் இருந்தேன், எப்போது போனேன் என்று தெரியாது.

இருட்டில் எதுவும் எரியவில்லை. எதுவும் தட்டவில்லை.

வெளிச்சம் திரும்பியபோது மெதுவாக எழுந்து பிளாஸ்திரியைப் பார்த்தேன். அடியில் சிவப்பு இல்லை. போனை என் பக்கம் இழுத்தேன். அது லேசாக, எதிலும் மாட்டாமல் வந்தது.

பின்னால் ஒயர் இல்லை.

சுவரைப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. வெறும் ஓட்டை.

அப்போதே ஒரு தாளை எடுத்து நேரங்களையும் அவர் சொன்னதையும் நான் சொன்னதையும் எழுதினேன். பேட்டரி அண்ணன் இறங்கி வந்து, என்ன புதுசு, பேட்டரி இறங்கிப்போச்சா, முகம் இப்படி வெளுத்திருக்கு என்றார். தலைவலி என்றேன். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் என் தம்பியிடம்கூட. விடிகிறவரை விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை 8.40க்கு அக்கா வந்தார். கண் வீங்கியிருந்தது. கைப்பையைத் திறந்து ஒரு ஒயரை எடுத்தார். பழைய போனின் ஒயர். முந்தாநாள் சாயங்காலமே கழற்றி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

அதை மேசைமேல் வைத்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, மூன்று வருஷத்துக்கு முந்தைய அந்த மதியத்தைச் சொன்னார். அப்போது தாள் எதுவும் கிடையாது. மாடிக்குப் போகலாமா என்று ஒருவர் கேட்டார். அக்காவுக்குப் பதில் தெரியவில்லை. லைன்லயே இருங்க, டாக்டரைக் கேட்டுட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். அப்போதெல்லாம் காத்திருப்பவர்களுக்குப் பாட்டு ஓடும். டாக்டர் ஆபரேஷனில் இருந்தார். திரும்பும் வழியில் வராந்தாவில் ஒரு அம்மா மயங்கி விழ, அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. வந்து பார்த்தபோது இருபத்தெட்டு நிமிஷம் ஆகியிருந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எடுத்தார். மழை மட்டும் கேட்டது.

மின்னலா, இதயமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. யாரும் அக்காவைக் குறை சொல்லவும் இல்லை. கருவியைச் சோதித்தது பேட்டரி அண்ணன். அதில் ஒரு பழுதும் இல்லை. இதயம் நின்ற பிறகும் அது நிமிஷத்துக்கு அறுபது தடவை, திறக்காத கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. பாட்டை அக்காதான் நிறுத்தச் சொன்னார். தாளை அக்காதான் எழுதினார்.

வருஷா வருஷம் அந்த நாளில் அக்கா போவது இறந்துபோன அந்தப் பெரியவரின் வீட்டுக்கு. அவர் மனைவியான அந்த அம்மாவுக்கு அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து வரும் நல்ல பெண் என்று மட்டும்தான் தெரியும். லைனில் இருக்கச் சொன்னது இவர்தான் என்று தெரியாது. அவர் இருந்த அறை அப்படியே இருக்கிறது. லைனை என்றோ துண்டித்துவிட்டார்கள். ஆனால் ரிசீவர் மேசைமேல், அவர் கையிலிருந்து எடுத்து வைத்தபடியே கிடக்கிறது. திரும்ப வைக்க அந்த அம்மா யாரையும் விடுவதில்லை. அவரே வைக்கல, நான் எப்படி வைக்கிறது என்பாராம்.

முந்தின நாள் மழையில் இருவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவுக்கு எதிரே அந்த அறையின் கதவு, பாதி திறந்து. இடி நெருங்க நெருங்க அக்காவால் தாங்க முடியவில்லை. மூன்று வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை மனசுக்குள் சொல்லிவிட்டார். உதடுகூட அசையவில்லையாம்.

அறைக்குள் டக் என்று ஒரு சத்தம்.

போய்ப் பார்த்தார்கள். ரிசீவர் அதன் இடத்தில் இருந்தது.

அந்த அம்மா போனுக்குப் பக்கத்தில் இருந்த நோட்டை எடுத்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் படித்தார். யாரும்மா இந்த மேடம் என்று கேட்டார். அக்கா, நான்தான் என்று சொன்னார். அந்த அம்மா அக்காவின் கையைப் பிடித்தார். கடைசி இடி முடிந்து அரை மணி நேரம் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு மாடிக்குப் போய், அன்று காயப்போட்டு நனைந்திருந்த துணிகளை எடுத்துப் பிழிந்தார்கள். கிளம்பும்போது நோட்டை அக்காவிடமே கொடுத்துவிட்டார்.

அக்கா அதை என் முன்னால் வைத்தார்.

நாலு கட்டம். சாய்ந்த கையெழுத்து. பழசாகி வெளிறிய மையில் ஒரு வரி. '3.52. மருத்துவமனை மேடம். லைனில் இருக்கவும்.' நாலாவது கட்டத்தில், 'இருக்கிறேன்.'

அதற்குக் கீழே அதே கையெழுத்து. மை மட்டும் புதுசு.

'4.19. மேடம் சொன்னதாக வேறொரு மேடம். வச்சிடுங்க. துணி நனைஞ்சாப் பரவாயில்ல.' நாலாவது கட்டத்தில், 'வைத்தாயிற்று.'

"நான் மனசுக்குள்ள சொன்னதும் இதேதான்," என்றார் அக்கா. "ஒரு எழுத்து மாறல. இந்த வேறொரு மேடம் யாருன்னுதான் தெரியல."

இழுப்பறையைத் திறந்து என் தாளை எடுத்து நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அக்கா படித்தார். படித்துவிட்டு, பழைய போனின்மேல் கையை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். பேட்டரி அண்ணன் உள்ளே வந்தவர், இருமலை அடக்கிக்கொண்டு அப்படியே வெளியே போய்விட்டார்.

அப்போதுதான் பார்த்தேன். பக்கத்தின் அடியில் இன்னும் ஒரு வரி இருந்தது.

'4.19. அந்த மேடத்துக்கும் ஒயர் போன். வைக்கச் சொன்னேன்.'

அதற்கு எதிரே நாலாவது கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

மேசையிலிருந்த பேனாவை எடுத்தேன். அந்தக் கட்டத்தில் எழுதினேன்.

'வைத்தேன் ஐயா.'